கூண்டு விழுவதைத் தடுக்காது

“உயரமான ஏணியில் ஏறுபவரின் பாதுகாப்புக்கு, அதைச் சுற்றிக் கம்பி வளையங்களாலான கூண்டு இருந்தால் போதும், அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியே அதைத்தான் சொல்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழைய கதை. 2016இல் வெளியான திருத்தத்தின்படி, 24 அடிக்கு மேல் ஏற வேண்டிய நிலையான ஏணியை (சுவரிலோ கட்டமைப்பிலோ நிரந்தரமாகப் பொருத்துவது) 2018 நவம்பர் 19 அன்றோ அதற்குப் பிறகோ பொருத்தியிருந்தால், கூண்டு மட்டும் கணக்கில் வராது. விழுபவரைத் தடுத்து நிறுத்தும் அமைப்பு இருந்தாக வேண்டும். அதற்கு முன் பொருத்திய ஏணிகளுக்குத்தான் கூண்டு போதும் என்ற சலுகை. அதற்கும் அந்தத் திருத்தம் 2036 நவம்பர் 18 என்று கெடு வைத்தது.

காரணம் எளிது. கால் வழுக்கினால் உடல் கூண்டுக்குள்ளேயே நேராகக் கீழே போகும். வழியில் வளையத்தில் கையோ காலோ மாட்டினால் முறியும். மாட்டியவரை இறக்குவது அதைவிடப் பெரும்பாடு. விழுபவரைத் தடுத்து நிறுத்தும் அமைப்பில், ஏணியை ஒட்டிய தண்டவாளம் போன்ற கம்பியிலோ இரும்புக் கயிற்றிலோ ஓடும் பிடிப்பான் அப்படியல்ல. ஏறுபவர் உடலில் அணியும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னெஸை அதனுடன் இணைக்கும் இணைப்பு 9 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சறுக்கியதும் பிடிப்பான் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

இருக்கிற கூண்டை அறுத்தெறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த அமைப்புக்கு இடைஞ்சலாக இல்லையென்றால் அது அப்படியே இருக்கலாம்.