64 ஜிபி போதுமா?
“64 ஜிபி டேப்லெட் போதும், மிச்சத்தை கிளவுடில் வைத்துக்கொள்ளலாம்” என்று டேப்லெட் வாங்குவது பற்றிய ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பது வீட்டில் நல்ல வைஃபை இருப்பவர்களுக்குச் சரி. கிளவுட் என்பது இணையத்தில் இருக்கும் சேமிப்பிடம், ரயிலில் சிக்னல் போனால் என்ன செய்வது? அப்புறம், பெட்டியில் போட்டிருக்கும் 64 முழுசாக நமக்கில்லை. ஆண்ட்ராய்டும் கூடவே வரும் ஆப்களும் அதில்தான் உட்கார்ந்திருக்கும். அப்டேட்டுக்கும் காலி இடம் வேண்டும். மெமரி கார்டு போட்டால் போச்சு என்பார்கள். படம், பாட்டு, பிடிஎஃப் எல்லாம் கார்டுக்குப் போகும், பெரிய கேம்கள் பெரும்பாலும் போகாது. ஐபேடில் கார்டு போட இடமே கிடையாது, வாங்கும்போது எடுத்ததுதான் கடைசிவரை. ஆப்பிளே 2025-இல் சாதாரண ஐபேடை 128-இலிருந்துதான் ஆரம்பித்தது. பிள்ளைகள் பாட வீடியோ இறக்கிப் பார்க்கும் வீடு என்றால், கவர், பேனா எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காசை முதலில் 128-க்குப் போடுங்கள்.