இருக்குங்குது ஒண்ணு, இல்லைங்குது இன்னொண்ணு

ஆத்தி, முடியல!

பைத்தான்ல நம்பைங்கிற (NumPy) கணக்கு லைப்ரரியை ஏத்த, பிப்புங்கிற (pip) இன்ஸ்டாலர்கிட்ட ‘பிப் இன்ஸ்டால் நம்பை’ன்னு சொன்னேன். ‘ரெக்கயர்மென்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைட்’. ரொம்ப சந்தோசம். புரோகிராமை ஓட்டுனா? ‘நோ மாட்யூல் நேம்ட் நம்பை’. திரும்ப பிப்கிட்ட போனா, அதான் இருக்குதேங்குது. திரும்ப ஓட்டுனா இல்லவே இல்லைங்குது. அன்இன்ஸ்டால் பண்ணி, மறுபடி ஏத்தி, மெஷினை அமத்திப் போட்டு, அழகருக்கு ஒரு கும்பிடும் போட்டு ஓட்டுனா... இல்ல! வரப்புச் சண்டை பங்காளிகூட இம்புட்டுச் சாதிக்க மாட்டான்.

இதுல கொடுமை, ரெண்டு பேரும் சொல்றது நிசம். மெஷின்ல பைத்தான் ரெண்டு மூணு கெடக்கு. பிப் ஒண்ணுக்குச் சொந்தம், ஓடுறது வேறொண்ணு. தேனி போற ஆளை மதுரையில மாட்டுத்தாவணி ஸ்டாண்டுல எறக்கிவிட்டாச்சு; பஸ்ஸு ஆரப்பாளையத்துல நிக்குது.

‘பிப் -வி’ அடிங்க (வி பெரிய எழுத்து, V), அது எந்தப் பைத்தானோட பிப்புன்னு பாதையோட காட்டும். புரோகிராம் ஆரம்பத்துலயே சிஸ்ஸை இம்போர்ட் பண்ணி, சிஸ்.எக்ஸிகியூட்டபிளை (sys.executable, ஓடுற பைத்தானோட பாதை) பிரிண்ட் பண்ணுங்க. ரெண்டும் வேறன்னா ஆளு அகப்பட்டாச்சு. விண்டோஸ்ல ‘பிஒய் -0பி’ அடிச்சா மொத்தக் கூட்டமும் வரிசையில நிக்கும். வெறும் பிப்பை இனித் தொடாதீங்க. எந்தப் பைத்தான்ல ஓட்டுறீங்களோ அதை வச்சே ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’. விஎஸ் கோடு எடிட்டர்லயும் அதே பைத்தானை இன்டர்பிரட்டராத் தேர்ந்தெடுங்க.

அடுத்து இந்தப் பேரு வக்கிற மகராசனுங்க. இம்போர்ட் பண்றது சிவி2, ஏத்துறது ஓப்பன்சிவி-பைத்தான். இம்போர்ட் பண்றது பிஐஎல், ஏத்துறது பில்லோ. சோசியக்காரன்கிட்டயா போயி கேக்குறது? ஜன்னல், பட்டன் வரையுற டிகின்டர் (tkinter) பிப்லயே கெடையாது. உபுண்டுன்னா அதோட சொந்த இன்ஸ்டாலர் ஏப்ட்ல (apt) பைத்தான்3-டிகே ஏத்தணும். அது தெரியாமயே நம்ம ஊர் லேப்ல பாதிப் புள்ளைக பிப்போட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்குதுக.

உபுண்டு பிப்பை ஏத்தவிடாமத் தடுத்தா, உடனே ஒரு அண்ணன் வருவாரு: ‘பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் போடு தம்பி, ஏறிரும்.’ அண்ணே, பேர்லயே ‘ஒடைச்சுரு’ன்னு இருக்குண்ணே! ‘பைத்தான்3 -எம் வென்வ்’னு தனியா ஒரு சூழல் போட்டு அதுக்குள்ள ஏத்த ஒரு நிமிசம் ஆகுமா? வென்வும் கோவிச்சுக்கிட்டா பைத்தான்3-வென்வ் பொட்டலத்தையும் ஏப்ட்லயே ஏத்துங்க. ஆமா, உபுண்டுல அதுவும் தனிப் பொட்டலம். சிரிக்காதீங்க.

பொட்டலம்னதும் வருது ஆத்திரம். ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா பார்சல் கட்டுறவங்களே, சால்னாப் பையை எங்கய்யா வக்கிறீங்க?