தொற்றுநோய்க் கணிதம் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு வேலூர் என்ன தரவேண்டும்?

கொரோனாவுக்குப் பிறகு, தொற்றுநோய்ப் பரவலைக் கணித மாதிரிகளால் ஆராயும் துறையில் சேரலாமா என்று கேட்கும் மாணவர்கள் கூடியிருக்கிறார்கள். காட்பாடிப் பக்கம் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில், தாராளமாகச் சேருங்கள் என்றே சொல்கிறேன். அவர்களுக்காக நாம் முதலில் செய்யவேண்டியது, மாவட்டத்தின் நோய்க் கணக்கை ஒழுங்காக எடுத்து அவர்கள் கைக்குக் கிடைக்கச் செய்வதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இத்துறைக்கு இந்திய மண்ணோடு பழைய உறவு உண்டு. 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ், பின்னாளில் மலேரியாவுக்குக் கணிதச் சமன்பாடுகளை எழுதி, கொசுக்களை அடியோடு அழிக்காமலே, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் அடங்கும் என்று காட்டினார். இந்தியாவில் மருத்துவப் பணியாற்றிய மெக்கென்ட்ரிக்கும், ஆய்வக விபத்தில் பார்வையை இழந்த வேதியியலாளர் கெர்மாக்கும் 1927இல் வெளியிட்ட மாதிரிதான் இன்றும் முதல் பாடம். அதை அவர்கள் 1905–06இல் பம்பாயில் பிளேக்கால் இறந்தோரின் வாராந்தரக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தச் சாவுகளை யாரோ வாரந்தோறும் எழுதி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

நம் ஊரிலும் அப்படி எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) நுண்ணுயிரியலாளர் டி. ஜேக்கப் ஜான் 1980களில், வேலூரை உள்ளடக்கிய அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு நோய்க் கண்காணிப்பு முறையை ஏற்படுத்தினார். அரசு மருத்துவர்களும் தனியார் மருத்துவர்களும் தாங்கள் கண்ட நோயை அச்சிட்ட அஞ்சலட்டையில் குறித்து அனுப்புவார்கள். தொகுத்த செய்தி மாத இதழாக அவர்களுக்கே திரும்பிச் செல்லும். கணினியும் கைப்பேசியும் பரவாத காலத்தில் ஒரு மாவட்டம் முழுவதும் இது நடந்தது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் பெருமிதமாக இருக்கிறது.

உள்ளூர்க் கணக்கு ஏன் வேண்டும் என்பதற்கு, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் குறித்த ஆய்வைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. மெக்சிகோவில் நடந்த ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்த குழந்தைகளுக்கு அதன்பின் கடுமையான வயிற்றுப்போக்கு வரவில்லை. வேலூரின் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்த சி.எம்.சி. ஆய்வாளர் ககன்தீப் காங் குழுவினர் 2011இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது: மூன்று முறை தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். மெக்சிகோவின் எண்ணை வைத்து வேலூருக்குத் தடுப்பூசியின் பலனைக் கணக்கிட்டிருந்தால், சமன்பாடு சரியாக இருந்தும் விடை பிசகியிருக்கும். வீடு வீடாகச் சென்று மல மாதிரிகளைச் சேகரித்த களப்பணியாளர்களின் உழைப்பையும் அறிவியல் ஆய்வின் ஒரு பகுதியாகவே நான் மதிக்கிறேன்.

என்னிடம் படித்து இன்று இத்துறையில் இருக்கும் ஒருவர், தம் மடிக்கணினியில் டெங்கு குறித்த ஓர் அட்டவணையைக் காட்டினார். இடையிடையே வாரங்கள் காலியாக இருந்தன. அவை நோயே இல்லாத வாரங்களா, யாரும் குறித்து அனுப்பாத வாரங்களா என்பதை அறிய வழியில்லை. நோயாளிகளில் பாதிப் பேர் பதிவாகிறார்கள் என்று வைத்தால் ஒரு வளைகோடு. பத்தில் ஒருவர் என்று வைத்தால் அதைவிட ஐந்து மடங்கு உயரத்தில் இன்னொன்று. போதாததற்கு, 1989இல் வட ஆற்காடு இரண்டானது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பழைய எண்களைப் புதிய எல்லைகளோடு பொருத்துவதே பெரும் வேலையாகிவிடுகிறது. மூன்றாண்டு உதவித்தொகையில் காலம் தள்ளும் இளைஞர், அதில் பாதியை இதற்கே செலவிட்டால் ஆய்வுக்கு எப்போது நேரம் கிடைக்கும்?

கொரோனாக் காலத்தில் இத்துறையினர் சொன்ன எண்கள் பலிக்கவில்லை என்று ஏசியவர்கள் பலர். இன்ன நிலை தொடர்ந்தால் இன்னது நேரும் என்று சொல்வதைப் பஞ்சாங்கப் பலன்போலப் படிப்பது நியாயமில்லை.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களின் வாராந்தர நோய் எண்ணிக்கையை, நோயாளிகளின் பெயரும் அடையாளமும் இல்லாமல், வட்டார அளவில் பொதுவெளியில் வெளியிட வேண்டும். எந்த மருத்துவமனை எந்த வாரம் அறிக்கை அனுப்பவில்லை என்பதும் அதில் தெரியவேண்டும். மாவட்டச் சுகாதார அலுவலகம் ஒவ்வொன்றிலும் கணிதமோ புள்ளியியலோ படித்த ஒருவருக்கு, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தமாக இல்லாமல், நிரந்தரப் பணியிடம் வேண்டும். நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் இதைக் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். உடன் கையெழுத்திட விரும்பும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் தெரிவியுங்கள்.