ஆங்கிலத்தைப் பெற்றது லத்தீன் இல்லை

அந்தப் பட்டிமன்றக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ஆங்கிலம் லத்தீனின் மகள்" என்றார் நடுவர். அரங்கமே கை தட்டியது. தவறு என்று கீழே நான்கு வரி எழுதினேன். வந்த பதில்களைப் படித்தபின் இரவு சாப்பிடவே பிடிக்கவில்லை.

மறுபடியும் சொல்கிறேன், ஆங்கிலம் லத்தீனில் பிறக்கவில்லை. ரோமானியப் படை பிரிட்டனை விட்டுப் போன பிறகு, ஐந்தாம் நூற்றாண்டில், இன்றைய டென்மார்க், வட ஜெர்மனிக் கரைகளிலிருந்து படகேறி வந்த ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்டுகள் பேசிய ஜெர்மானியப் பேச்சு அது. 731இல் பீட் என்ற துறவி இந்த மூன்று இனங்களையும் பெயர் சொல்லியே எழுதிவைத்தார்.

"அகராதியில் பாதிக்கு மேல் லத்தீனும் பிரெஞ்சும்தானே?" சரி, இருக்கட்டும். 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் வந்து ஆண்டார்கள், சொற்கள் குவிந்தன. வீடு நிறைய இரவல் பாத்திரம் இருந்தால் பெற்றவள் மாறிவிடுவாளா? தி, ஆஃப், அண்ட், இஸ் இல்லாமல் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். மதர், வாட்டர், ஹவுஸ், பிரெட் எதுவும் லத்தீன் தந்ததில்லை. லத்தீனில் 'பிஸ்கிஸ்', ஆங்கிலத்தில் 'ஃபிஷ்'. அங்கே ப, இங்கே ஃப. இந்த ஒழுங்கை ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822லேயே விளக்கிவிட்டார். ஒரே பழைய மொழியிலிருந்து இரண்டு கிளையாகப் பிரிந்ததால் வந்த ஒழுங்கு அது. ஆக, லத்தீன் பெரியம்மா முறை. பெரியம்மாவைப் பெற்றவள் என்கிறீர்கள்.

இருபது வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். ஒருநாள் கரும்பலகையில் 'லார்ட்' என்று எழுதி, பழைய வடிவம் 'ஹ்லாஃப்வெயர்ட்', ரொட்டியைக் காப்பவன் என்றேன். 'லேடி' ரொட்டிக்கு மாவு பிசைபவள். கடைசி பெஞ்சிலிருந்து பரோட்டாக் கடைக்காரர் மகன் எழுந்தான். "அப்போ எங்க அம்மா லேடி, டீச்சர்." வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"பள்ளிக்கூட டீச்சருக்கு மொழியியல் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுதான் வலித்தது. படித்துத்தானே சொல்கிறேன்? ஒரு மொழி பெரிதாகிவிட்டால் அதற்குப் பெரிய இடத்துத் தாயைத் தேடியே ஆகவேண்டுமா? முந்நூறு வருடம் இங்கிலாந்தின் பிரபுக்கள் வாயில் பிரெஞ்சுதான். நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில்தான் வாதாட வேண்டும் என்று 1362இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! அதுவரை ஆங்கிலத்தை வைத்திருந்தது யார்? ஏர் உழுதவர்கள், ஆடு மேய்த்தவர்கள், அடுப்படியில் நின்றவர்கள். அவர்கள் பேச்சிலிருந்து வந்தது என்று சொல்ல என்ன கூச்சம்?

இந்த வருடமும் லார்ட், லேடி கதையை வகுப்பில் சொல்லத்தான் போகிறேன்.