புல்வெளி மொட்டை நிலம் இல்லை

கொடைக்கானல் மேல்மலைக்காரி நான். ‘மொட்டையாகக் கிடக்கும் மலைச்சரிவுகளில் மரம் நட்டால் தாவர வகைகள் பெருகும்’ என்று ஒரு கட்டுரையில் படித்ததும் மனசு கேட்கவில்லை. எங்கள் மலையில் ஏற்கெனவே அதைச் செய்து பார்த்தாயிற்று. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) எத்தனையோ புல்வெளிகளை மூடிவிட்டன.

அந்த ‘மொட்டை’ நிலத்தில் ஒருமுறை குந்தி உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் கசியும் இடத்தில் விரல் உயரத்துக்கு அழுகண்ணி என்ற பூச்சி தின்னும் செடி நிற்கும். இலை முழுக்கப் பசைத்துளி, அதில் ஒட்டிக்கொண்ட பூச்சி இன்னும் காலை உதைத்துக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே தரையில் பூக்கும் ஆர்க்கிட். புல்லிலேயே எத்தனை வகை! சீகைத் தோப்புக்குள் போனால் காலடியில் பெரும்பாலும் சருகுதான்.

மார்கழி, தை உறைபனி திறந்த வெளியில் சோலை எனப்படும் எங்கள் மலைக்காட்டின் மரக்கன்றுகளைக் கருக்கிவிடும். அதனால்தான் சோலை பள்ளத்தாக்கு மடிப்புகளில் ஒதுங்கி நிற்கிறது, மேடெல்லாம் புல். இரண்டும் சேர்ந்ததுதான் இந்த மலை.

2018இல் பூத்த குறிஞ்சி விதை உதிர்த்துவிட்டுச் செத்துப்போனது. அதன் பிள்ளைகள் 2030இல் பூக்க வேண்டும். அவற்றுக்கு வெயில் படும் சரிவு வேண்டும், சீகை நிழல் ஆகாது. சீகையை வெட்டினால் மட்டும் தீராது, அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். வருடா வருடம் கன்றுகளைப் பிடுங்க ஆள் வேண்டும். மரம் நட வருகிறவர்கள் தயவுசெய்து அந்த வேலைக்கு வாருங்கள்.