பரிசேயர்களைத் திட்டும் பிரசங்கங்கள்

ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து நாட்கள் வந்தாலே நம் சபைகளில் இந்தப் பிரசங்கம் தவறாமல் வந்துவிடுகிறது: பரிசேயர் (இயேசுவின் காலத்து யூத மதப் பிரிவினர்) என்றால் வேஷக்காரர், யூதர் என்றால் இயேசுவைக் கொன்றவர்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது. பெரும்பாலும் யூதர்களே எழுதிய ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்களையே எப்படி இவ்வளவு லேசாகத் திட்ட முடிகிறது?

மாற்கு சுவிசேஷம் 12-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஒரு வேதபாரகர், அதாவது யூத வேதத்தைக் கற்றுத் தேர்ந்தவர், வந்து, கட்டளைகளில் முதன்மையானது எது என்று கேட்கிறார். இயேசு புதிதாக எதையும் சொல்லவில்லை. "இஸ்ரவேலே, கேள்" என்கிற உபாகமம் 6-ஐத்தான் சொல்கிறார், பக்தியுள்ள யூதர்கள் இன்றைக்கும் காலையிலும் மாலையிலும் சொல்கிற அதே வசனம். கூடவே லேவியராகமம் 19-லிருந்து, பிறனை உன்னைப்போல் நேசி. வேதபாரகர் சரிதான் என்று மனதார ஒத்துக்கொள்கிறார், நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவன் அல்ல என்று இயேசுவும் அவரைப் பாராட்டுகிறார்.

இப்போது மத்தேயு 22-க்கு வாருங்கள். கேள்வி அதேதான், ஆனால் கேட்கிறவர் இங்கே சோதிக்க வந்த பரிசேயர், பாராட்டையே காணோம். மாற்குவை முன்னால் வைத்துக்கொண்டுதான் மத்தேயு எழுதப்பட்டது, அதுவும் கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிந்த பிறகு என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ஆலயம் போனபின் இஸ்ரவேலின் உண்மையான வாரிசு யார் என்ற சண்டை சூடேறிவிட்டது. ஆனால் அது பங்காளிச் சண்டை, இயேசுவை ஏற்றவர்கள், ஏற்காதவர்கள் என்று இரண்டு பக்கமும் யூதர்கள்தான்.

அப்புறம் புறஜாதியார், அதாவது யூதர் அல்லாதவர்கள், சபையில் பெருகி, அந்தச் சண்டையின் ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு யூதர்கள்மேல் வீசினார்கள். அது எங்கே போய் முடிந்தது? 1939-இல் ஜெர்மனியின் ஐசனாக்கில் புராட்டஸ்டன்ட் சபைக்காரர்களே, சபை வாழ்விலிருந்து யூதத் தாக்கத்தை நீக்குவதற்கென்று ஒரு நிறுவனம் தொடங்கி, மறுவருஷமே யூத அடையாளங்களை வெட்டிய ஒரு புதிய ஏற்பாட்டை அச்சடித்தார்கள். இயேசுவின் மரணத்துக்காக யூதர் எல்லோர்மேலும் பழி போடக் கூடாது என்று கத்தோலிக்க சபை வெளிப்படையாக அறிவித்தது 1965-இல்தான்.

போதகர்களே, பரிசேயர்களை இயேசு கடுமையாகக் கண்டிக்கிற மத்தேயு 23-ஐப் பிரசங்கிக்கிற அன்றைக்கு லூக்கா 13:31-ஐயும் வாசியுங்கள். ஏரோது உம்மைக் கொல்லப் பார்க்கிறான், இங்கிருந்து போய்விடும் என்று இயேசுவிடம் வந்து எச்சரித்தவர்கள் பரிசேயர்கள். அப்போஸ்தலர் 5-இல் சீஷர்களைக் கொலையிலிருந்து காப்பாற்றிய கமாலியேலும் பரிசேயர். அப்போஸ்தலர் 23-இல், ஊழியத்தில் எத்தனையோ வருஷம் கழிந்த பிறகும், "நான் பரிசேயன்" என்றுதான் பவுல் சொல்கிறார், பரிசேயனாக இருந்தேன் என்று அல்ல.