பட்டிக்குள் இருந்த மஞ்சள் விலை

முந்தாநாள் பழைய மாருதி 800 வண்டிப் படம் போட்டதிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்விதான்: "அண்ணா, அலாய் வீல் எப்பப் போடறீங்க?" மாமன் மகன் ஒருத்தன் ஒரு படி மேலே போய்விட்டான். வண்டிக்குச் சிவப்பு அடித்து, பின்னால் இறக்கை வைத்து, தரையோடு தரையாக இறக்கி, கம்ப்யூட்டரில் படமே வரைந்து அனுப்பியிருக்கிறான். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்யப் போவதில்லை. ஏன் என்று நாலு வரியில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமை இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம், கோபமில்லை.

வண்டி எங்கள் அப்பாருடையது, அதாவது தாத்தாவுடையது. 1992 மாடல் மாருதி 800, வெள்ளை. பொள்ளாச்சிச் சந்தைக்கும் கல்யாணம் காட்சிக்கும் அதில்தான் போவார். 2013-ல் அவர் தவறினார். அடுத்த ஜனவரியில் கம்பெனியே 800 தயாரிப்பை நிறுத்திவிட்டது. வண்டி தோப்புச் சாளையில் (தோட்டத்து வீட்டில்), மட்டை அடுக்கும் கொட்டகையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது நின்றதுதான். போன வருஷம் தார்ப்பாயை விலக்கியபோது ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் அணில் தேங்காய் நாரில் மெத்தை போட்டுக் குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது. வயரிங்கில் பாதியை எலி தின்றிருந்தது. "எடைக்குப் போட்டுட்டு வேலையப் பாரு கண்ணு" என்றார் அப்பா. உக்கடத்தில் பழைய இரும்பு எடுப்பவர் ஒருவரிடம் விலைகூடக் கேட்டு வைத்திருந்தார்.

எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இதே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின்தான் ஓம்னியிலும் 2019 வரை வந்தது. பிஸ்டன் செட்டோ கேஸ்கெட்டோ கேட்டால் கடைக்காரர் பெயர்கூடத் திரும்பக் கேட்கமாட்டார், எடுத்துக் கொடுத்துவிடுவார். கிடைக்காதவை வேறு. நல்ல கண்ணாடி பீடிங் (கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர்), டேஷ்போர்டு பிளாஸ்டிக், கதவுக் கைப்பிடி இந்த மாதிரி சில்லறைச் சாமான்கள். யூடியூப் பார்த்துவிட்டு எல்லோரும் எஞ்சினில் ஆரம்பிக்கிறார்கள். எஞ்சின் எங்கும் ஓடிப்போகாது. முதலில் பார்க்க வேண்டியது தகரம்.

பார்த்தேன். வெளியே பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது. டிரைவர் பக்கம் ரன்னிங் போர்டில் சின்னதாக ஒரு கொப்புளம், பட்டாணி அளவு. ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டேன், உள்ளே போய்விட்டது. நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பத்தை கையோடு வந்தது. இரும்பு இல்லை, முழுக்கப் பட்டி. (பட்டி என்றால் நம்ம ஊர் ஆட்டுப்பட்டி இல்லை, தகரத்தில் பள்ளத்தை நிரப்ப டிங்கர் பூசுகிற பசை.) பத்தைக்குப் பின்னால் சுருட்டி அடைத்த செய்தித்தாள். பிரித்துப் பார்த்தால் ஈரோடு மஞ்சள் மார்க்கெட் நிலவரம். விரலி என்ன விலை, கிழங்கு என்ன விலை என்று இருந்தது. எண்களைத் துரு தின்றுவிட்டது. அப்பாரு எந்த வருஷமோ எங்கேயோ விட்டு டிங்கரிங் பார்த்திருக்கிறார். ஓட்டையில் பேப்பரைத் திணித்து, மேலே பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துப் பளபளவென்று கொடுத்திருக்கிறார்கள். அவரும் சந்தோஷமாகக் காசு கொடுத்திருப்பார். கதவுக்குக் கீழே இருக்கிற அந்தப் பெட்டிதான் வண்டியின் முதுகெலும்பு. அதில் மஞ்சள் விலையை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு எத்தனை ஊருக்குப் போயிருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

உள்ளே காலடியில் விரித்திருந்த ஃப்ளோர் மேட்டைத் தூக்கினேன். அதற்கும் கீழே ஒட்டியிருந்த தார் அட்டையைப் பெயர்த்தால் களத்து மண் தெரிந்தது. துரு அடியிலிருந்துதான் வரும் என்று நினைத்துப் பழைய ஆயிலை அடிப்பக்கம் பூசுவது நம்ம வழக்கம். இங்கே நடந்தது தலைகீழ். முன் கண்ணாடி பீடிங் காய்ந்து வெடித்து, மழைத்தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து, மேட்டுக்கு அடியில் தங்கியிருக்கிறது. மேல்துணி காய்ந்துவிடும், அடியில் பஞ்சு மாதக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். தகரம் மேலிருந்து கீழாகக் கரைந்திருக்கிறது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறக்கும் முன் மேட்டைத் தூக்குங்கள். விற்கிறவர் முகத்தையும் அப்போது ஒருமுறை பாருங்கள்.

டிங்கர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் சாளைக்கே வெல்டிங் மிஷினோடு வந்தார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பல வருஷம் இருந்தவர். கரூர் பஸ் பாடி, நாமக்கல் லாரி பாடி என்று இந்தச் சீமையில் தகரத்தோடு வளர்ந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் கை கனத்த தகரத்துக்குப் பழகிய கை. கார் தகரத்தின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. முதல் நாள் லாரி நினைப்பில் ஒரே இழுப்பாக இழுத்தார், ஃப்ளோர் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங் தம்பி, இது தகரமுங்களா, காயிதமுங்களா?" என்றார். அப்புறம் இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு, ஆறவிட்டு நடுவில் ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டே போய், பொட்டுகளைச் சேர்த்துக் கோடாக்கினார். ஒரு முழ நீளத்துக்கு ஒரு மத்தியானம். நான் பக்கத்தில் ஈரச்சாக்கோடு நின்றேன். ஒரு தடவை தார் அட்டையின் மிச்சம் தீப்பிடித்தது, அதற்குத்தான் அந்தச் சாக்கு. பெட்ரோல் டேங்கை முதல் வேலையாகவே கழற்றித் தோப்பின் அந்தக் கோடியில் வைத்துவிட்டோம். அதில் இருந்த ஊசி ஓட்டையை அடைத்துத் தருவதாகச் சொன்னவர்கள் உண்டு. காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே நிற்பது முழுக்க ஆவி. வேறு டேங்க் வாங்கிப் போட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். களத்து மண்ணில் ஜாக்கியை மட்டும் நம்பித் தூக்கி வைத்திருந்தேன். வண்டி அரையடி நகர்ந்து ஜாக்கி சாய்ந்தது. நல்லவேளை, அடியில் ஆள் இல்லை, ஸ்பானர்தான் மாட்டியது. அன்றைக்கே போய் ஆக்சில் ஸ்டாண்ட் (தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்) நான்கு வாங்கினேன். வீட்டில் வேலை செய்கிறவர்கள் முதலில் வாங்க வேண்டிய சாமான் அது, ஸ்பானர் செட் இரண்டாவது.

மொத்தச் செலவில் பாதிக்குமேல் யார் கண்ணுக்கும் படாத இடத்துக்குத்தான் போனது. ரன்னிங் போர்டு உள்புறம், ஃப்ளோர், பேட்டரி தட்டுக்கு அடி. படம் எடுத்துப் போட்டால் பத்து லைக்கூட வராது.

சரி, அலாய் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டி சுமார் 650 கிலோ. எஞ்சினுக்கு நாற்பது குதிரைசக்திகூட முழுசாகக் கிடையாது. அப்படியும் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசியும் ஏறுகிறது என்றால் அதற்கு ஒரே காரணம் எடை இல்லாததுதான். பவர் ஸ்டீயரிங் இல்லாமல் ஒரு கையால் திருப்ப முடிவதற்கும் அதுவேதான் காரணம். இதில் 13 இன்ச் அலாயும் 165 டயரும் மாட்டினால் என்ன ஆகும்? ஸ்டீயரிங் கல் மாதிரி ஆகும். முழுக்கத் திருப்பினால் ஃபெண்டரில் உரசும். டயர் சுற்றளவு கூடினால் ஒவ்வொரு கியரும் நீண்டுபோன கணக்கு, ஏற்றத்தில் மூன்றாவதில் இழுத்தது இரண்டாவதைக் கேட்கும். ஸ்பீடோமீட்டர் வேறு உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். டிக்கியில் வூஃபர் பெட்டி, ஆம்ப், அதற்கு இன்னொரு பேட்டரி என்று ஏற்றினால் ஒரு ஆளை நிரந்தரமாகப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுவதற்குச் சமம். அந்த ஆள் டீ செலவுக்குக்கூடக் காசு தரமாட்டார்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை நான் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை. எண்பதுகளின் கடைசியில் நம்ம ஊர் ரேஸ்காரர் எஸ். கரிவரதன் இதே 800 எஞ்சினை எடுத்து, அதைச் சுற்றியிருந்த கார் முழுவதையும் கழித்துக் கட்டிவிட்டு, ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் கார் கட்டினார். எஞ்சின் அதேதான், எடைதான் வேறு. அந்த மாருதி எஞ்சின் ரேஸ்களில்தான் ஒரு தலைமுறை ஓட்டக் கற்றுக்கொண்டது. நம்ம நரேன் கார்த்திகேயன் முதல் ரேஸ் ஓட்டியதே ஃபார்முலா மாருதியில்தான், 2005-ல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான். மாடிஃபிகேஷன் என்றால் அது. நம்ம ஊரில் அதைச் செய்து காட்டிய மனுஷன் இருந்தும், ஃபைபர் இறக்கையை ஒட்டிக்கொண்டு திரிகிறோம்.

அப்படியானால் நான் எதையுமே மாற்றவில்லையா என்றால், மாற்றினேன். ஹெட்லைட்டுக்கு ரிலே (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) போட்டேன். பழைய வண்டியில் லைட்டுக்குப் போகிற கரண்ட் முழுவதும் ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகத்தான் சுற்றி வரும். வழியிலேயே கொஞ்சம் வோல்டேஜ் செத்துவிடும். பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்து நடுவில் ரிலே வைத்ததும், பல்பை மாற்றாமலேயே வெளிச்சம் பளீரென்று வந்தது. சில நூறு ரூபாய் செலவு, எதிரில் வருகிறவன் கண்ணும் கூசாது. பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதுசு. ரேடியேட்டர் கோர் மாற்றினேன். அப்பாரு போர் தண்ணியையே ஊற்றி ஊற்றி, உள்ளே டீ கெட்டிலின் அடி மாதிரி உப்பு படிந்திருந்தது. கார்பரேட்டரை நானே பிரித்துக் கழுவினேன். பெட்ரோல் வரும் ஜெட் ஓட்டையில் கம்பி விட்டுக் குத்துகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள், ஓட்டை அகன்றால் மைலேஜ் போய்விடும். பெட்ரோலில் ஊற வைத்து ஏர் பிடித்தால் போதும்.

பெட்ரோல் என்றதும் இன்னொன்று. இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால். இந்த வண்டி கட்டிய காலத்து ரப்பருக்கு அது ஆகாது. பழைய ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் ஊறி வீங்கி வெடிக்கும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், ஓடாமல் நிற்கிற வண்டியில் டேங்க் துருப்பிடிக்கும். ஹோஸ் மொத்தத்தையும் மாற்றினேன். வாரம் ஒருமுறையாவது வண்டியை எடுத்துவிடுகிறேன், சும்மா ஆனைமலை வரைக்கும்.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே தலைவலி. 15 வருஷம் முடிந்த சொந்தக் காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022-ல் அதன் கட்டணம் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். வின்டேஜ் சலுகை கேட்கலாமே என்றால் அதற்கு ஐம்பது வயதாக வேண்டும். 1983 டிசம்பரில் வந்த முதல் 800-க்கே இன்னும் அந்த வயது வரவில்லை. மாமன் மகன் அனுப்பிய சிவப்புப் படத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அது பரவாயில்லை. ஆனால் கம்பெனி கொடுத்த அமைப்பையே மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையேதான் சொன்னது. மாருதி ஜென் கார் எஞ்சினைத் தூக்கி 800-ல் வைத்து ரீல்ஸ் போடுகிற தம்பிகள், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் எதைப் பார்ப்பார் என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்பா இப்போது எடைக்குப் போடுகிற பேச்சை எடுப்பதில்லை. போன மாதம் சந்தைக்குத் தானே ஓட்டிக்கொண்டு போனார். வந்ததும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "கிளட்ச் கொஞ்சம் மேல புடிக்குது, பாத்துக்க" என்றார், அவ்வளவுதான். ஆனால் வண்டியை நிழலில் விட்டிருந்தார். தன் வண்டியைக்கூட அவர் நிழல் பார்த்து விட்டதில்லை.

நேற்று நல்ல மழை. காலையில் முதல் வேலையாக மேட்டைத் தூக்கிக் கையை வைத்துப் பார்த்தேன். டிரைவர் பக்கம் சுத்தமாகக் காய்ந்திருந்தது. இடது மூலையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம். பீடிங்கை மறுபடியும் கழற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கிற யாராவது கண்ணாடி பிடிக்க வந்தால் நல்லது. மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்பு உண்டு.